உறைந்த பெர்ரிகளை இனிப்பாகப் பரிமாறும் விதம்

ஃபின்லாந்தில் ஒரு வீட்டின் ஃப்ரீசரைத் திறந்தால் மீன் இருக்கிறதோ இல்லையோ, பெர்ரி இருக்கும். ஜூலை மாதத்தின் பிற்பகுதியில் காடுகளில் பழுக்கும் முஸ்திக்கா என்னும் காட்டு ப்ளூபெர்ரி, செப்டம்பரில் சிவக்கும் லிங்கன்பெர்ரி, சதுப்பு நிலங்களில் உறைபனி விழும்வரை காத்திருக்கும் கிரான்பெர்ரி என்று ஒவ்வொன்றாக வந்து இலையுதிர்காலத்தோடு பருவம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அடுத்த கோடைவரை இந்நாட்டில் பெர்ரி என்றால் உறைந்த பெர்ரிதான். எனவே விருந்தினர் வரும் நாளில் உணவுக்குப் பின் என்ன இனிப்பு என்னும் கேள்விக்கு இங்குள்ளவர்கள் முதலில் தேடுவது ஃப்ரீசரைத்தான். எஸ்போ நகரில் குடியேறிய பிறகு நானும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் பலரும் உறைந்த பெர்ரியை எப்படிப் பரிமாறுவது என்று கேட்பதால், நான் கற்றதையும் எனக்குச் சரியென்று படுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: பையைப் பிரித்து, பழங்களைக் கிண்ணத்தில் கொட்டி, உருகும்வரை காத்திருந்து, புதிய பழங்களைப் போலவே ஐஸ்க்ரீமுக்கு மேலோ கேக்கின் மேலோ அடுக்குகிறார்கள். கால் மணி நேரத்தில் பழங்கள் துவண்டு, அடியில் சாறு தேங்கி, கேக் ஊறிப்போய்விடுகிறது. பழத்தின் மீது குற்றமில்லை. பழத்தின் உயிரணுக்களில் உள்ள நீர் உறையும்போது பனிப்படிகங்களாக விரிந்து உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. மெதுவாக உறையும் வீட்டு ஃப்ரீசரில் படிகங்கள் பெரிதாக வளர்வதால் சேதமும் அதிகம். அந்தப் பனி இருக்கும்வரை பழத்துக்கு உருவம் இருக்கும். அது உருகிய கணமே, தாங்கிப்பிடிக்கச் சுவர் இல்லாத பழம் சாற்றை விட்டுவிடுகிறது. ஆகவே உறைந்த பெர்ரியைப் பரிமாற நல்ல வழிகள் இரண்டே என்பது என் கருத்து: பனி விலகுவதற்குள் பரிமாறிவிடுவது, அல்லது சாறு முழுவதையும் வெளியே வரவிட்டு அந்தச் சாற்றையே இனிப்பாக்குவது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எதுவும் சுவைப்பதில்லை.

முதல் வழிக்கு இந்நாட்டிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. உறைந்த கிரான்பெர்ரியின் மேல் கொதிக்கக் கொதிக்கக் கினுஸ்கி சாஸை ஊற்றிச் சாப்பிடுவார்கள். கினுஸ்கி என்பது க்ரீமையும் பழுப்புச் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சும் ஒரு கேரமல் சாஸ். 200 மில்லி க்ரீமுக்கு ஏறத்தாழ அதே கொள்ளளவு பழுப்புச் சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் எடுத்து, அடிகனமான பெரிய பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிதானமான தீயில் கொதிக்கவிட வேண்டும். பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் க்ரீம் வேகமாகப் பொங்கி வழியும். கம்பிப் பதம் தேவையில்லை. கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய போர்வையாகப் படிந்தால் போதும். ஊரிலிருந்து வந்த நாட்டுச் சர்க்கரை கைவசம் இருக்கும்போது நான் அதையே போடுகிறேன். அதன் லேசான கரும்பு மணமும் உப்புச்சுவையும் இந்தச் சாஸுக்கு ஃபின்லாந்துச் சர்க்கரையைவிடப் பொருந்துகின்றன.

இந்த இனிப்பின் சுவையெல்லாம் அது மேசைக்கு வரும் ஒரு நிமிடத்தில் நிகழும் மாற்றத்தில் இருக்கிறது. ஃப்ரீசரின் வழக்கமான குளிர்நிலையான மைனஸ் 18 டிகிரியிலிருந்து எடுத்த பழங்களின் மேல் ஏறக்குறைய கொதிநிலையில் இருக்கும் சாஸ் விழும்போது, பழத்தைத் தொட்ட இடத்திலெல்லாம் அது மெல்லக்கூடிய மிட்டாயாக இறுகிவிடுகிறது. சற்றுத் தள்ளி இன்னும் இளகிய நிலையில் ஓடுகிறது. பழத்தின் வெளிப்புறம் இளகத் தொடங்கினாலும் நடுவில் பனி அப்படியே இருக்கிறது. கரண்டியில் எடுக்கும் ஒவ்வொரு வாயிலும் சூடு, குளிர், புளிப்பு, தித்திப்பு ஆகிய நான்கும் சேர்ந்து வரும். கிரான்பெர்ரி கடுமையான புளிப்புடையது என்பதால்தான் இவ்வளவு சர்க்கரையையும் அது தாங்குகிறது. பனியின் கீழே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் சதுப்பு நிலங்களிலிருந்து பறிக்கப்படும் கிரான்பெர்ரி இன்னும் இனிப்பாக இருக்கும். ஆனால் இந்தச் சாஸுக்கு இலையுதிர்காலத்துப் புளிப்புப் பழமே ஏற்றது.

பழங்களைப் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக மட்டுமே வெளியே எடுக்க வேண்டும். ஆழமான கிண்ணத்தில் குவிக்காமல் தட்டையான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் எல்லாப் பழங்களின் மேலும் சாஸ் படும். சாஸை அடுப்பிலிருந்து நேரே மேசைக்குக் கொண்டுவந்து, உண்பவர் கண்முன்னே ஊற்ற வேண்டும். சமையலறையிலேயே ஊற்றிக்கொண்டு வந்தால், வழியிலேயே அந்த ஒரு நிமிடம் கடந்துவிடும்.

லண்டனில் உள்ள தி ஐவி என்னும் உணவகம் இதே முறையை வெள்ளைச் சாக்லேட் சாஸுடன் பரிமாறிப் புகழ்பெற்றது. அங்கே அதை ஸ்காண்டிநேவியப் பெர்ரிகள் என்றே அழைத்தார்கள். சம எடை க்ரீமும் வெள்ளைச் சாக்லேட்டும் எடுத்து, க்ரீமைச் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலந்தால் சாஸ் தயார். செய்வதற்குக் கினுஸ்கியைவிட எளிது. ஆனால் வெள்ளைச் சாக்லேட் வெறும் தித்திப்பும் கொழுப்பும்தான் என்பதால், லிங்கன்பெர்ரி, ரெட் கரன்ட், ராஸ்பெர்ரி போன்ற புளிப்புப் பழங்கள் இல்லாவிட்டால் இரண்டாவது கரண்டிக்குள்ளேயே திகட்டிவிடும். ஸ்ட்ராபெர்ரியை மட்டும் இவ்வகையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பெரிய பழமாதலால் கல்லாக உறைந்து பல்லைப் பதம்பார்க்கும். உருகினாலோ வெறும் நீர். அதை அரைத்துப் பயன்படுத்துவதே மேல்.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உறைந்த நிலையில் பரிமாறும் வழி எல்லாப் பெர்ரிக்கும் உரியதன்று. உறையவைப்பதால் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸும் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் சாவதில்லை. குளிரில் அவை பத்திரமாகவே இருக்கின்றன. 2012-இல் கிழக்கு ஜெர்மனியில் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு படுத்தபோது, சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. 2013-இல் நார்டிக் நாடுகளிலும் இத்தாலியிலும் பரவிய ஹெபடைடிஸ் ஏ நோயும் உறைந்த பெர்ரியோடு தொடர்புடையதாக இருந்தது. இதனால் ஃபின்லாந்தின் உணவுத் துறை, வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த பெர்ரிகளை 90 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கியோ, இரண்டு நிமிடம் கொதிக்கவைத்தோ மட்டுமே உண்ண வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. உள்நாட்டுப் பெர்ரிகளுக்கு இந்த அறிவுரை இல்லை. பெரிய சமையற்கூடங்கள் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றன; வீடுகளில்தான் பையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஸ்மூத்தி அடிக்கிறார்கள்.

ஆகவே என் சமையலறையில் எந்த இனிப்பு என்பதைப் பையில் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரே தீர்மானிக்கிறது. நாமே காட்டில் பறித்ததோ இந்நாட்டில் விளைந்ததோ என்றால் பனியோடு பரிமாறலாம். பல நாடுகளின் பழங்களைக் கலந்து மலிவாக விற்கும் பை என்றால் அடுப்பில் ஏற்றியே ஆக வேண்டும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கடையில் வாங்கும் உறைந்த பெர்ரிக் கலவையையும் கொதிக்கவைத்துப் பயன்படுத்துவதே நல்லது என்று அங்கிருந்து கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வடக்கு ஐரோப்பாவின் நல்ல பெர்ரி இனிப்புகளில் பாதிக்குமேல் அடுப்பில் உருவானவைதான்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது விஸ்பிபூரோ. லிங்கன்பெர்ரியும் ரவையும் சேர்ந்த கூழ்தான் இது. ஆனால் அடித்து அடித்துக் காற்றேற்றிய கூழ். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 200 கிராம் உறைந்த லிங்கன்பெர்ரியைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் பழங்கள் வெடித்து நீர் முழுவதும் சிவந்துவிடும். தோல் பிடிக்காதவர்கள் வடிகட்டிக்கொள்ளலாம், நான் வடிகட்டுவதில்லை. அதில் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் சர்க்கரையும், நூறு கிராம் ரவையும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். ரவையைக் கட்டிதட்டாமல் தூவிக் கிளறுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய கலையன்று. பத்து நிமிடம் சிறுதீயில் வெந்ததும் இறக்கி ஆறவைக்க வேண்டும். இங்குள்ளவர்கள் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரிலோ குளிர்காலமானால் வாசலில் உள்ள பனியிலோ வைத்துவிடுவார்கள். நன்றாக ஆறிய பின்பு மின் கலக்கியால் பல நிமிடங்கள் விடாமல் அடித்தால், இரத்தச் சிவப்பாக இருந்த கூழ் கண்ணெதிரிலேயே வெளிறி, இளஞ்சிவப்பு நுரையாக இருமடங்கு பொங்கி நிற்கும். சூடாக இருக்கும்போது அடித்தால் இந்த மாற்றம் வராது. குளிர்ந்த பாலைச் சுற்றிலும் ஊற்றி, மேலே சிறிது சர்க்கரை தூவிச் சாப்பிடுவார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் அம்மா முதல் கிண்ணத்தை முடித்துவிட்டு, ரவையில் நெய்யே இல்லாமல் ஓர் இனிப்பு எப்படி இவ்வளவு மென்மையாக வரும் என்று கேட்டார். மென்மைக்குக் காரணம் உள்ளே சிக்கிய காற்று. அவர் இதை ஊருக்குப் போய் நாவற்பழத்தில் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். அதன் துவர்ப்பு சரிவருமா என்னும் ஐயம் எனக்கு உண்டு. லிங்கன்பெர்ரியின் புளிப்புத்தான் இந்தக் கூழைத் தூக்கி நிறுத்துகிறது. லிங்கன்பெர்ரியில் இயல்பாகவே பென்சோயிக் அமிலம் இருக்கிறது. அதனால்தான் ஃப்ரீசர் இல்லாத காலத்தில் அதை வெறும் நீரில் மூழ்கவைத்தே குளிர்காலம் முழுவதும் கெடாமல் காத்தார்கள்.

கீஸ்ஸெலி இன்னும் எளியது. ரஷ்யாவிலும் பால்டிக் நாடுகளிலும் இதன் உறவுகள் உண்டு. ஒரு லிட்டர் நீரில் 300 கிராம் அளவு முஸ்திக்காவும் தேவையான சர்க்கரையும் போட்டுக் கொதித்ததும், நான்கு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் மெல்லிய தாரையாக விட்டுக் கிளறி, மறுபடி அடுப்பில் வைத்து, முதல் குமிழி மேலெழுந்து உடைந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதிக்கவிட்டால் பசைபோல் இழையும். மேலே சர்க்கரை தூவிவைத்தால் ஆறும்போது ஆடை படியாது. முஸ்திக்கா என்பது தோட்டத்தில் விளையும் ப்ளூபெர்ரியின் காட்டு உறவு. ப்ளூபெர்ரியின் உட்சதை வெளிறியிருக்க, முஸ்திக்காவுக்குத் தோல்முதல் நடுவரை கருஞ்சிவப்பு. அதனால் கீஸ்ஸெலியின் நிறம் ஏறத்தாழ கறுப்பாகவே இருக்கும், உண்டவர் நாக்கும் பல்லும் அவ்வாறே. கடையில் கிடைக்கும் ப்ளூபெர்ரியில் செய்தால் நிறமும் மணமும் பாதியாகிவிடும். ஒரு கைப்பிடி ராஸ்பெர்ரி சேர்த்து ஈடுகட்டலாம். ஆனால் கீஸ்ஸெலிக்கென்று வெளிநாட்டுப் பழங்களை வாங்கினால், மாவு சேர்ப்பதற்கு முன்பே பழம் இரண்டு நிமிடம் கொதித்துவிட்டதா என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் மாவு சேர்த்தபின் கொதிக்கவிட முடியாது.

வட ஜெர்மனியின் ரோட்டே க்ருட்சேயும் டென்மார்க்கின் ரோட்க்ரோட்டும் கீஸ்ஸெலியைவிடக் கெட்டியானவை. ராஸ்பெர்ரி, ரெட் கரன்ட், செர்ரி ஆகியவற்றைக் கலந்து செய்வார்கள். ஜெர்மானியர் வனிலா சாஸோடும், டேனியர் கெட்டியாக்காத க்ரீமோடும் உண்பார்கள். ஜெர்மனியின் ஐஸ்க்ரீம் கடைகளில் வனிலா ஐஸ்க்ரீமின் மேல் கொதிக்கும் ராஸ்பெர்ரியை ஊற்றித் தருவதும் வழக்கம். கினுஸ்கி முறையில் குளிர் பழத்திலும் சூடு சாஸிலும் இருக்க, இங்கே அது தலைகீழாக நிற்கிறது. வெளிநாட்டுப் பெர்ரிப் பை கையில் இருக்கும் அவசர நாளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: இரண்டு கரண்டி சர்க்கரையோடு பழத்தைக் கொதிக்கவைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சாற்றை இனிப்பாக்குவதில் ஆங்கிலேயர்கள் எல்லோரையும் மிஞ்சிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. அவர்களுடைய சம்மர் புட்டிங்குக்கு அடுப்பு வேலை சில நிமிடம்தான். முந்தைய நாளின் வெள்ளை ரொட்டித் துண்டுகளை ஓரம் நீக்கி, ஒரு கிண்ணத்தின் உட்புறம் இடைவெளியின்றி ஒட்டி, சர்க்கரையோடு கொதித்த பெர்ரிகளைச் சாறோடு அதனுள் நிரப்பி, மேலேயும் ரொட்டியால் மூடி, ஒரு தட்டைக் கவிழ்த்துக் கனமான பொருளை ஏற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். காலையில் கவிழ்த்தால் ரொட்டி முழுவதும் கருஞ்சிவப்பாக ஊறி, கத்தியால் வெட்டக்கூடிய குவிமாடமாக நிற்கும். புதிய பெர்ரியைவிட உறைந்த பெர்ரியே இதற்கு ஏற்றது, ஏனெனில் பனி ஏற்கெனவே உயிரணுச் சுவர்களை உடைத்துவைத்திருப்பதால் சாறு எளிதில் வெளிவருகிறது. மிருதுவான புது ரொட்டி கூழாகிவிடும். சற்றுக் காய்ந்ததுதான் தேவை.

மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பை (pie), கேக் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழங்களை உருகவிடாமல் உறைந்த நிலையிலேயே ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவில் புரட்டிப் போட்டால் சாறு மாவில் பிடித்துக்கொள்ளும்; அடிப்பகுதி நனையாது. ஓவனில் வேகும் நேரம் மட்டும் சற்றுக் கூடும்.

பெர்ரிகளில் மிக விலை உயர்ந்தவற்றுள் ஒன்று லக்கா என்னும் க்ளவுட்பெர்ரி. சதுப்பு நிலத்தில் ஒரு தண்டுக்கு ஒரே பழமாகக் காய்ப்பதாலும், கொசுக்களிடையே குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டியிருப்பதாலும் அதன் விலை நியாயமானதுதான். ஃபின்லாந்து தன் இரண்டு யூரோ நாணயத்திலேயே அதைப் பொறித்திருக்கிறது. வடக்கே இதை லெய்பாயூஸ்தோ என்னும் பாலடைக்கட்டியோடு பரிமாறுகிறார்கள். முன்காலத்தில் கன்று ஈன்ற பசுவின் பாலில் செய்து, தீயில் வாட்டி, மேற்பரப்பில் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை சுட்ட தட்டையான கட்டி அது. மெல்லும்போது பல்லிடையே கீச்சென்று ஒலிக்கும். அதைத் துண்டுகளாக்கி, சிறிது க்ரீமில் நனைத்து ஓவனில் சூடாக்கி, மேலே லக்காவை இட்டுத் தருவார்கள். உறைந்த லக்காவைக் குளிர்சாதனப் பெட்டியில் மெதுவாக உருகவிட்டு, வெளிவரும் பொன்னிறச் சாறு ஒரு துளியும் வீணாகாமல் சூடான கட்டியின் மேல் ஊற்ற வேண்டும். நடுவழி சுவைப்பதில்லை என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு, அதுவும் உருகிய சாற்றை உறிஞ்ச அடியில் சூடான பாலடைக்கட்டி காத்திருப்பதால்.

ஃபின்லாந்தில் காட்டுப் பெர்ரியை யாருடைய நிலத்திலும், வீட்டு முற்றத்தைத் தவிர, எவரும் பறிக்கலாம் என்பது மரபுரிமை. பறித்ததை விற்று வரும் வருமானத்துக்கு வரியும் கிடையாது. எஸ்போவின் எல்லையில் உள்ள நூக்ஸியோ காட்டில் ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு சென்று முஸ்திக்கா பறிப்போம். பற்கள் வைத்த சீப்புப் பெட்டியால் வாரினால் இலையும் சேர்ந்து வரும். அவற்றை ஊதி நீக்கி, கழுவாமல், அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவைத்த பிறகே டப்பாவில் கொட்ட வேண்டும். அப்போதுதான் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் உதிரியாக இருக்கும். பனியோடு பரிமாறும் இனிப்புக்கு உதிரிப் பழமே அடிப்படை.

குழந்தைகள் திடீரென்று ஐஸ்க்ரீம் கேட்கும் நாளுக்கு அந்த உதிரிப் பழங்கள் உதவும். 300 கிராம் உறைந்த பழத்தை மிக்சியில் போட்டு, நான்கு கரண்டி சர்க்கரையும் ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகக் குளிர்ந்த க்ரீமும் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரைத்தால், பழத்தின் குளிரிலேயே க்ரீம் இறுகி இரண்டு நிமிடத்தில் மிருதுவான ஐஸ்க்ரீம் கிடைக்கும். க்ரீமுக்குப் பதில் துணியில் கட்டி நீர் வடித்த தயிரும் நன்றாக வரும். இங்குள்ளவர்கள் ரஹ்கா என்னும் மிருதுவான புளிப்புப் பாலடைக்கட்டியைச் சேர்க்கிறார்கள். இதை உடனே உண்டுவிட வேண்டும். மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடும். மிஞ்சினால் மறுநாள் உருக்கி, நீர் சேர்க்காமல் ஸ்மூத்தியாகக் குடித்துவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம்.